ஐந்தாவது குட்டி செத்த காரணம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சபாபதி பெரிய மனிதரானது ஒரு சாண் துணியால். வெள்ளைக்காரன் இருந்தவரை அவர் ரயில்வே ஆபீசில் மைக்கூடு நிரப்பியவர். மேசைக்கு மேசை காகிதம் சுமந்தவர். யார் தும்மினாலும் ஓடி வந்து நின்றவர். ஜப்பான்காரன் வந்து கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிட்டதும் மூன்று வரிசை வீடுகளுக்குத் தலைவராகிவிட்டார். அதன் பிறகு அவர் தும்மினால் மற்றவர்கள் ஓடி வர வேண்டியிருந்தது. வீட்டுக் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்ததில் குடியிருப்பிலேயே அவர்தான் முதல் ஆள். ஜனங்களின் வயிறு மட்டும் பழைய நேரத்துக்கே பசித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவர் பொறுப்பில்லை.

இராஜம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் 1943-ஆம் வருஷம் அவர் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நின்றாள். சயாமில் போடுகிற ரயில்பாதைக்கு ஆள் அனுப்பும் பட்டியல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதில் அவள் புருஷன் நாகையாவின் பெயரும் இருந்தது.

நாகையா நாய் வளர்க்கத் தெரிந்தவன். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரையின் அல்சேஷன் நாய்களைப் பதினோரு வருஷம் அவனும் இராஜம்மாவும்தான் வளர்த்தார்கள். எந்த ஆணோடு எந்தப் பெட்டையைச் சேர்ப்பது, எந்த வாரத்தில் என்ன தீனி, எந்தக் குட்டி நிற்கும், எது நிற்காது என்று அத்தனையும் அவர்கள் கையில் இருந்தது. நாய்க் கண்காட்சியில் கோப்பையை வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றது மட்டும் துரை. ஜப்பான்காரன் கிட்டே வந்துவிட்டான் என்று தெரிந்த அன்று துரை நாய்களை வரிசையாகக் கட்டி வைத்து ஏழு நாயையும் சுட்டார். எதிரி கையில் சிக்கி அவை கஷ்டப்படக் கூடாதாம். நாய்கள்மேல் அவ்வளவு கருணை. நாய்களை வளர்த்தவர்கள்மேல் கருணைப்படுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

எட்டாவது நாய் ஒன்று இருந்ததைத் துரை மறந்து போனார். இரண்டு வயதுப் பெட்டை, பெயர் பெஸ்ஸி. அதை நாகையா கரிச் சாக்குக்குள் போட்டுக் கொட்டகை மூலையில் மறைத்து வைத்திருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் அந்த நாயையும், நாய்க் கொட்டகைக் குறிப்பு நோட்டையும் தூக்கிக்கொண்டு கிள்ளான் வழியாக நடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்கட்டு அறையில் ஒண்டினார்கள். நாகையா ரயில்வே யார்டில் கூலிக்குப் போனான்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு பக்கம். குட்டி பிறந்த நேரம், எடை, நிறம், செத்தால் செத்த நாள். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். துரை இங்கிலீஷில் எழுதியதை, அவர் போன பிறகு இராஜம்மா தமிழில் எழுதினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் கடைசிக் கட்டத்தில் நாகையா கறார். "மத்தது எல்லாம் தப்பா போனாலும் போவட்டும். காரணத்துல பொய் எழுதாத. தாய் நசுக்குச்சின்னு எழுதுனா அந்தத் தாய மறுபடி சேக்க மாட்டாங்க. அது தலையெழுத்தே அந்தக் கட்டத்துல இருக்கு" என்பான்.

மேட்டுப் பங்களாவில் இருந்த ஜப்பான் ஆபீசரிடம் ஓர் ஆண் அல்சேஷன் இருந்தது. அவன் ஒரு நாள் யார்டு வழியாகப் போனபோது பெஸ்ஸியைப் பார்த்துவிட்டான். இரண்டு நாள் கழித்துச் சபாபதி வந்து வாசலில் நின்றார்.

"நாகையா, உனக்கு அதிர்ஷ்டம்லா. ஐயா அவரு நாயச் சேக்கச் சொல்றாரு. ஒரே ஒரு ஆம்பளக் குட்டி, நல்லதா, வளத்துக் குடு. லிஸ்ட்டுல உன் பேர நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறேன்னா, எடுத்துருவீங்களா?" என்றாள் இராஜம்மா.

"பொம்பளைங்க நடுவுல பேசுனா எனக்குப் பிடிக்காது" என்றார் சபாபதி. ஆனால் எடுத்துவிடுவதாகத் தலையை ஆட்டினார்.

அறுபத்து மூன்று நாள் பெஸ்ஸி தின்றதைத்தான் அந்த வீடே பார்த்துக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். மீன் பாசாரில் மீன்காரர்கள் எறிகிற மீன் தலைகளை நாகையா கேட்டு வாங்கி வந்தால் அது பெஸ்ஸிக்கு. இராஜம்மா கால்வாய் ஓரத்தில் நத்தை பொறுக்கி வேக வைத்தால் அதுவும் பெஸ்ஸிக்கு. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சுவாள்.

"ஏன்டி இராஜம்மா, நானும் நாலு காலுல நடந்து வரட்டா? எனக்கும் ஒரு மீன் தல போடுவியா?"

"குட்டி போடுவியா, சொல்லு. போடுறேன்."

"இந்த வயசுலயா? என் வீட்டுக்காரரு மெரண்டு ஓடிருவாரு, அப்புறம் சயாமுக்கு அனுப்ப ஆளில்லாம போயிரும்" என்று பவுனம்மாள் சிரிப்பாள். அப்போது அப்படித்தான் சிரிக்க முடிந்தது.

ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் பெஸ்ஸி ஈன்றது. ஐந்து குட்டிகள். முதல் இரண்டும் வெளியே வரும்போதே உயிரில்லை. இராஜம்மா கோணிச் சாக்கால் தேய்த்துப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்து வாயைத் துடைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மீன் தலையும் நத்தையும் தின்று சுமந்த வயிறு. அதன்மேல் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் பெட்டைகள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறு அல்லது மனிதனின் கை, இரண்டில் ஒன்று வேண்டும். இராஜம்மா செங்கல்லை அடுப்பில் சுட்டுச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஆறியதும் அடுத்த கல். ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாள். விரலைச் சப்பினால் பயமில்லை. சப்பாமல் உள்ளே குளிர்ந்து கிடந்தால் முடிந்தது. மூன்றாவதின் வாய் மறுநாள் குளிர்ந்தது. நான்காவதின் வாய் அதற்கு மறுநாள். இரண்டையும் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து நோட்டில் எழுதினாள். காரணம்: தாய்க்குப் பால் போதவில்லை. அது உண்மை.

ஐந்தாவது ஆண். கறுப்பு முதுகு, செம்பட்டைக் கால்கள். விரலை வாய்க்குள் விட்டால் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. கூடப் பிறந்த நான்கின் பங்குப் பாலையும் அது ஒன்றே குடித்தது. நான்காம் நாள் மீன்காரன் தராசில் வைத்துப் பார்த்தபோது பிறந்ததைவிடக் கால் பங்கு கூடியிருந்தது. நாகையா தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தான். பிறகு, "இது நிக்கும்" என்றான். பதினோரு வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லிப் பிழைக்காமல் போன குட்டி கிடையாது.

அன்று முற்பகலில், நாகையா யார்டுக்குப் போன பிறகு, சபாபதி வந்தார். துவைத்த வேட்டி, கைப்பட்டை, பின்னால் எடுபிடிகள் இரண்டு பேர். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"குட்டிய எடு. சேன வைக்கணும்."

இராஜம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் நாக்கில் இனிப்பு தொட்டு வைப்பதைத்தான் சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று சொல்லி, வீட்டில் இருப்பதிலேயே நல்ல மனிதராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். நாய்க்குட்டிக்கு அதை வைத்ததாக அவள் கேட்டதில்லை. நல்ல மனிதர் என்று சபாபதியை யாரும் கூப்பிட்டதாகவும் கேட்டதில்லை.

"நாய்க்கு எதுக்குங்க?"

"ஐயாகிட்ட வளரப் போற குட்டி. என் கையால வச்சா எங்கொணம் வரும். விசுவாசம்னா என்னான்னு அதுக்குத் தெரியும். ஐயாகிட்டயும் சொல்லிட்டேன், குட்டிக்கு நான்தான் காட்பாதருன்னு."

பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளைச் சீனி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பவுனம்மாள், "ஐயோ! என் வீட்டு டப்பா சீனிய மறந்து ஒரு வருஷமாச்சு. அங்க நாய்க்குச் சீனி!" என்றாள். சபாபதி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஒரு கரண்டித் தண்ணீரில் சீனியைக் கரைத்தார்.

இராஜம்மா குட்டியைக் கையில் ஏந்திக் கொடுத்தாள். வளர்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிறந்த குட்டி குப்புறக் கிடந்துதான் குடிக்கும். எதைக் கொடுத்தாலும் அதுவாகச் சப்ப வேண்டும், ஊற்றக் கூடாது. மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தி வைத்து ஊற்றினால் நேராக நெஞ்சுக்குப் போய்விடும். சபாபதி குட்டியை வாங்கி, இடது கையில் மல்லாத்தி, தாலாட்டுவது போல ஓர் ஆட்டு ஆட்டினார்.

"ஐயா, குப்புறப் பிடிங்க. துணியில தொட்டு வைங்க, போதும். ஊத்தாதீங்க."

"நாலு புள்ளைக்குச் சேன வச்சவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டினார். காகிதம் சரசரத்தது. பட்டியலைத்தான் தட்டினாரா, வெற்றிலைப் பொட்டலத்தைத் தட்டினாரா, தெரியாது.

இராஜம்மா வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கரண்டியைச் சாய்த்தார். குட்டி கால்களை உதைத்தது. "பாரு, குடிக்கிறான்! ருசி தெரிஞ்சவன்!" என்றார். எடுபிடிகள் சிரித்தார்கள். கரண்டி காலியானது. குட்டியின் மூக்கிலிருந்து சீனித் தண்ணீர் நுரையாக வந்தது. இராஜம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, தலையைத் தொங்கவிட்டு முதுகைத் தேய்த்தாள். சபாபதி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "திருஷ்டி. ரொம்பப் பேரு பாத்துட்டாங்க" என்று பவுனம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மீதிச் சீனியை மறக்காமல் மடித்து எடுத்துப் போனார்.

சாயங்காலம் நாகையா வந்து குட்டியைக் காதருகே வைத்துக் கேட்டான். நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். என்ன நடந்தது என்று கேட்டான். சொன்னாள். அவன் செங்கல்லைச் சூடாக்கப் போனான். மறுநாள் பகலில், தாயின் மடியில் வாயை வைத்தபடியே குட்டி போய்விட்டது. விரலை வாயில் விட்டுப் பார்த்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

செய்தி எட்டியதும் சபாபதி ஓடி வந்தார். இந்தத் தடவை எடுபிடிகள் இல்லை. பழைய ஆபீஸ் ஓட்டம் காலுக்குத் திரும்பி வந்திருந்தது.

"நான் இங்க வரவே இல்ல. புரியுதா? தாய் நசுக்கிருச்சு. நாய்ங்க அப்படித்தான நசுக்கும்? நோட்டுலயும் அதையே எழுது, ஐயா நோட்டுப் பாக்குற ஆளு. நீ இத மட்டும் செய்யி, லிஸ்ட்ட நான் பாத்துக்கிறேன்."

அவள் எழுதினாள். காரணம்: தாய் நசுக்கியது. பெஸ்ஸி அவள் காலடியில் படுத்து, ஐந்தாவது குட்டி கிடந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஆபீசர் வந்தான். சபாபதி தமக்குத் தெரிந்த நாற்பது ஜப்பான் வார்த்தைகளையும் செலவழித்து நோட்டைக் காட்டினார், பெஸ்ஸியைக் காட்டினார், உள்ளங்கையை உள்ளங்கையால் அமுக்கிக் காட்டினார். ஆபீசர் பெஸ்ஸியைப் பார்த்து ஏதோ சொன்னான்.

"மோசமான தாயாம்" என்றார் சபாபதி.

இராஜம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

சபாபதி லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டார். எட்டாம் நாள் லோரி வந்தது. அதில் ஏற வேண்டியவர்களின் பெயர்களை அவரே வாசித்தார். நாகையாவின் பெயரைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வாசித்தார். அவருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்ததென்று சொல்கிறவர்கள் அந்தத் தாழ்ந்த குரலைத்தான் சாட்சியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இராஜம்மா லோரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் ரெண்டாந்தடவ சொல்லியிருக்கணும். கையத் தட்டி விட்டிருக்கணும்."

"விடு" என்றான் நாகையா. "அந்தாளு கையால சேன குடிச்சிட்டு அது பொழைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? போறவன் வர்றவனுக்கெல்லாம் சலாம் போட்டுக்கிட்டு, யாரு தும்முனாலும் ஓடிப் போயி நிக்கும். நாய் சாதிக்கே கேவலம். அதான் மானஸ்தன் போயிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லோரி நகர்ந்தது. "நோட்டத் திருத்து" என்று அவன் சத்தம் போட்டுச் சொன்னது இன்ஜின் இரைச்சலிலும் கேட்டது.

அவள் திருத்தவில்லை. ஆபீசர் மேட்டில் இருந்தான், சபாபதி வாசலில் இருந்தார், நாகையா சயாமில் இருந்தான். எந்த எழுத்து எங்கே போய் யாரைத் தொடும் என்று பயம்.

பெஸ்ஸி பல நாள் ஒரு செங்கல்லை விடாமல் வைத்திருந்தது. சாக்கில் சுற்றிய கல். அதை வயிற்றோடு அணைத்துப் படுத்து, அது குளிர்ந்தால் முனகும். இராஜம்மா எழுந்து போய்க் கல்லைச் சுட்டுக் கொண்டு வந்து வைப்பாள். ரேஷன் கியூவில் நிற்கும்போது பின்னால் பேசினார்கள். ஊரில் மனுஷன் செத்து விழுகிறான், இவள் நாய்க்கு ஒத்தடம் கொடுக்கிறாளாம். பேசியவர்களில் பாதிப் பேர் ஆபீசரின் நாயைக் கண்டால் குனிந்து வழிவிட்டவர்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் வற்றியதும் பெஸ்ஸி கல்லை விட்டது. இராஜம்மா அதற்குப் பிறகும் சில நாள் கல்லைச் சுட்டாள். கை சும்மா இருக்கவில்லை.

நாகையா திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்த ஒருவர், அவன் வாந்திபேதியில் போனதாகச் சொன்னார். எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. அங்கே மாதம் இல்லை என்றார்.

1945 கடைசியில் வெள்ளைக்காரன் திரும்பி வந்திருந்தான். யார் யார் ஜப்பான்காரனோடு சேர்ந்து என்ன செய்தார்கள் என்று விசாரணை நடந்தது. ஒரு பகலில் சபாபதி வந்தார். கைப்பட்டை இல்லை. பழைய ரயில்வே தொப்பியைத் தூசி தட்டி வைத்திருந்தார்.

"இராஜம்மா, தங்கச்சி," என்றார். அவர் அவளைத் தங்கச்சி என்று அழைத்தது அன்றுதான். "லைன்ல எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் செஞ்ச உதவிய நீயும் ரெண்டு வரி எழுதிக் குடு. நாகையாவுக்காக நான் பட்ட பாடு உனக்குத்தான் தெரியும்."

"தெரியும்" என்றாள் இராஜம்மா. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பின்பக்கத்தில் ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் நிறுத்தி நிதானமாக எழுதினாள். பவுனம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். சபாபதி பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணாடி ஒடஞ்சு போச்சு. வாசி, கேக்குறேன்."

அவள் வாசித்தாள்.

"1943-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் எங்கள் பெட்டை பெஸ்ஸி ஐந்து குட்டி போட்டது. நான்கு என் கையில் போயின. ஐந்தாவது நல்ல குட்டி. சபாபதி என்பவர் அதை மல்லாத்திப் பிடித்துச் சீனித் தண்ணீர் ஊற்றினார். ஊற்றாதீர்கள் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. மறுநாள் செத்தது. அவர் சொல்லித் தாய்மேல் பழி எழுதினேன். என் புருஷன் பெயரைப் பட்டியலில் இருந்து அவர் எடுக்கவில்லை. வேறு எந்த உதவியும் அவர் செய்ததாக எனக்குத் தெரியாது. பெஸ்ஸி நல்ல தாய். இராஜம்மா."

சபாபதியின் முகத்தில் கோபம் வரப் பார்த்து, வழி தெரியாமல் நின்றது.

"என்னாலா இது? ஊரு பத்தி எரிஞ்சிருக்கு, நீ நாய்க்குட்டியப் போயி... இத எவன்கிட்ட காட்டுறது?"

"ஒங்களுக்கு எதுக்கு? நீங்கதான் இங்க வரவே இல்லியே."

"கிழிச்சிப் போட்டுட்டு நல்லபடியா வேற எழுது தங்கச்சி."

"எனக்குத் தெரிஞ்சது இதுதான். வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் எடுக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார், கழற்றினார், மறுபடி வைத்தார். பெஸ்ஸி எழுந்து வந்து அவர் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மியது. பவுனம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு கடைசி வீடு வரை கேட்டது. சபாபதி போய்விட்டார். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததே அவருக்குப் போதுமாயிருந்தது. சில மாதத்தில் மறுபடி ஆபீசில் மைக்கூடு நிரப்பப் போனார். அந்த மாதிரி ஆட்களுக்கு எந்தக் கொடி பறந்தாலும் ஒரு மைக்கூடு இருக்கும்.

இராஜம்மா மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சி, அந்தத் தாளை அந்த ஈற்றின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டினாள். பிறகு பென்சிலை நக்கி, ஐந்தாவது குட்டிக்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் இருந்த இரண்டு வார்த்தைகளைக் குறுக்கே அடித்தாள். கட்டம் சின்னது. எழுத்தைப் பொடியாக்கி எழுத வேண்டியிருந்தது.

காரணம்: சீனித் தண்ணீர் நெஞ்சுக்குப் போனது. ஊற்றியவர் சபாபதி. பக்கத்தில் நின்றது நான்.